கும்பல் அடிதடியில் கொலைத் தீர்ப்பா? அப்பீலுக்கு வீட்டார் செய்ய வேண்டியது

முதலில் நாளை எண்ணுங்கள். மேல் நீதிமன்றம் தீர்ப்பும் தண்டனையும் சொன்ன நாளிலிருந்து 14 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு போயாக வேண்டும். இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 331ஆம் பிரிவு வைத்திருக்கிற கெடு அது. ஞாயிறைக் கழிக்கலாமா, போயாவைக் கழிக்கலாமா என்ற கணக்கை லோயர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் தீர்ப்பு நாளையே முதல் நாளாக வைத்து கலண்டரில் நேராக 14 எண்ணி ஒரு வட்டம் போடுங்கள், அதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தைத்தான் கடைசி நாள் என்று நம்புங்கள்.

அடுத்தது மனுவைக் கொடுக்கிற இடம். அப்பீல் என்றதும் நேராக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓடி வருகிறார்கள். மனுவை வாங்க வேண்டியவர் தீர்ப்புச் சொன்ன அதே மேல் நீதிமன்றத்தின் பதிவாளர். கொழும்பு வழக்கென்றால் எல்லாமே புதுக்கடையில் நடக்கிற தூரம்தான், பிழை விட்டாலும் அரை மணித்தியாலத்தில் திருத்தலாம். தீர்ப்பு மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ என்றால் இரவு பஸ் ஏறி இங்கே வந்து இரண்டு நாளைத் தொலைத்துவிட்டுத் திரும்பிப் போவீர்கள்.

லோயருக்குக் கொடுக்கக் காசில்லை என்பதற்காக 14 நாளை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கிறவரே, தனக்கு அப்பீல் போட விருப்பம் என்றும் என்ன காரணம் என்றும் அந்த நாட்களுக்குள் சிறை அதிகாரியிடம் சொன்னால், மனுவைத் தயாரித்து மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவது அந்த அதிகாரியின் கடமை. அதே 331ஆம் பிரிவில்தான் இதுவும் இருக்கிறது. வெலிக்கடைக்குப் பார்க்கப் போகும்போது சாப்பாடு வந்ததா என்று கேட்பதற்கு முன்னால் "அப்பீல் பேப்பரில் கையெழுத்து வெச்சியா, என்ன தேதி?" என்று கேளுங்கள், சொல்கிற தேதியை எழுதிவையுங்கள். புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும். 14 நாளும் தவறிப்போனால் மீளாய்வு மனு என்று ஒரு வழி உண்டு, ஆனால் அது உரிமையாகக் கிடைப்பதில்லை, ஏன் தாமதம் என்பதற்கும் ஏன் விசேஷமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கும் பதில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

நான் சட்டத்தரணி இல்லை. புதுக்கடையில் ஒரு சீனியரின் அறையில் அப்பீல் பிரீஃப்களை, அதாவது அப்பீலுக்காகத் தொகுத்த வழக்கேட்டுப் பிரதிகளை, வாசித்துக் குறிப்பெடுத்துக் கொடுப்பது என் வேலை. வாதாடுவது லோயருடைய வேலை, நான் இங்கே எழுதுவது வீட்டார் தாங்களே செய்யக்கூடியதையும் லோயரிடம் துணிந்து கேட்க வேண்டியதையும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், கையில் ஒரு துணிக்கடைப் பையில் கடுதாசிகள். உட்காரும் முன்னமே, "மகள், என்ட மகன் அடிக்கவே இல்ல, சும்மா நின்டவன்" என்றார். அவர் சொன்னது உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது. ஆனால் அடிதடிக் கொலை அப்பீலின் முழுக் கேள்வியும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது: நின்றாரா, செய்தாரா, நின்றதே செய்ததாகுமா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவின்படி கொலைக்கு மரண தண்டனை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனாலும் தீர்ப்பு இன்றைக்கும் அதே சொல்லில்தான் வருகிறது. ஒரு ஆள் குத்தி இன்னும் நான்கு பேர் கூட நின்ற வழக்கில், குத்தாத நான்கு பேரையும் 296க்குள் கொண்டுவர அரச தரப்புக்கு இரண்டு வழி. ஒன்று 32ஆம் பிரிவு, பொது எண்ணம்: எல்லோருக்கும் ஒரே எண்ணம் இருந்து அதை நிறைவேற்ற ஒருவர் செய்தால் எல்லோரும் செய்ததாகும். மற்றது 146ஆம் பிரிவு: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சட்டவிரோதக் கூட்டமாகச் சேர்ந்து, அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தாலோ, அப்படி நடக்கக்கூடும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தாலோ, எல்லோரும் பொறுப்பு. குற்றப்பத்திரிகையில் அநேகமாக இரண்டையும் தனித்தனிக் குற்றச்சாட்டாகப் போட்டிருப்பார்கள், முதலாவது சட்டவிரோதக் கூட்டம், இரண்டாவது 146உடன் 296, மூன்றாவது 32உடன் 296 என்று. உங்கள் ஆள் எந்த இலக்கத்தில் குற்றவாளி, எந்த இலக்கத்தில் விடுதலை என்பதைத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். லோயரிடம் போகும்போது "கொலைக் கேஸ்" என்று சொல்வதைவிட "மூன்றாவது குற்றச்சாட்டில், 32உடன்" என்று சொன்னால் பேச்சு பத்து நிமிஷம் முன்னாலிருந்து தொடங்கும்.

ஐந்து பேர் கணக்கையும் சரி பாருங்கள். ஆறு பேர் மீது வழக்குப் போட்டு விசாரணையில் இரண்டு பேர் விடுதலையாகியிருந்தால் மிச்சம் நான்கு. "பெயர் தெரியாத வேறு சிலரும்" என்று குற்றப்பத்திரிகையில் எழுதி அதற்குச் சாட்சியமும் இருந்தால் ஒழிய, நான்கு பேரை வைத்துச் சட்டவிரோதக் கூட்டம் நிற்காது. சின்னக் கணக்குத்தான், ஆனால் சிலவேளை பெரிய லோயர்கள்கூட வாதத்துக்கு முதல் நாள் ராத்திரிதான் இதைக் கவனிக்கிறார்கள்.

இனி பிரீஃப். மனு போனபின் மேல் நீதிமன்றம் வழக்கேட்டை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பும், அங்கே இலக்கம் விழும், அப்புறம் பிரதிகள் தயாராகும். இதற்கே காலம் போகும். அது வரும்வரை சும்மா இருக்காமல் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை மேல் நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பித்து எடுங்கள். வாதம் நடக்கிறவரை பிணை கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி. விசேஷ காரணம் காட்ட வேண்டும், கொலைத் தீர்ப்பில் அது மிகவும் கஷ்டம், அதை நம்பி வீட்டுத் திட்டம் எதுவும் போடாதீர்கள்.

பிரீஃப் கைக்கு வந்ததும் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். இதுதான் என் முழு வித்தை, மிச்சமெல்லாம் இதற்குள் அடங்கும். ஒரு எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவரை வழக்கேட்டில் இப்படித்தான் சொல்வார்கள்) இரண்டு பக்கம் என்று ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் கோடு போட்டுப் பிரியுங்கள்: எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, என்ன செய்தார், என்ன சொன்னார், எப்படி வந்தார், எப்படிப் போனார். சாட்சி ஒவ்வொருவரும் அந்த எதிரியைப் பற்றி என்ன சொன்னார் என்பதை வழக்கேட்டுப் பக்க இலக்கத்தோடு எழுதுங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். அப்பீலுக்கு அதிகம் உதவுவது இந்த "இல்லை"தான்.

நான் பார்த்த பலதையும் கலந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். சந்தியில் வாய்த்தகராறு, நான்கு எதிரிகள். முதலாம் எதிரி கத்தியால் குத்தினார் என்று இரண்டு சாட்சிகளும் சொல்கிறார்கள். இரண்டாம் எதிரி பொல்லால் காலில் அடித்தார். மூன்றாம் எதிரி இறந்தவரின் கையைப் பிடித்திருந்தார். நான்காம் எதிரி தள்ளி நின்று "அடிடா அவன" என்று கத்தினார். நான்கு பேருக்கும் கொலைத் தீர்ப்பு.

கொப்பியில் பிரித்ததும் ஒவ்வொருவருடைய கதையும் வேறு வேறாக ஆகும். முதலாமவருக்குப் பொது எண்ணம் பற்றிய வாதமே உதவாது, அவர் தன் செயலுக்கே பொறுப்பு. அவருடைய வழி திடீர்ச் சண்டையா, கடுமையான திடீர்ச் சினமூட்டலா என்று, கொலையைக் குறைந்த குற்றமாக்குகிற 294ஆம் பிரிவின் விதிவிலக்குகளுக்குள் போவது. இரண்டாமவர் அடித்தது காலில், அந்தக் காயம் மரணத்துக்குக் காரணமில்லை என்று சட்ட வைத்திய அதிகாரி சொல்லியிருந்தால், கேள்வி இதுதான்: முதலாமவர் இடுப்பில் கத்தி வைத்திருந்தது இவருக்குத் தெரியுமா? தெரிந்ததாகச் சாட்சியம் இல்லையென்றால் அந்தப் பொல்லடிக்கு 314, 316 மாதிரியான காயப் பிரிவுகளில் குற்றம் விழலாம், கொலையில் விழக்கூடாது என்று வாதாட இடமிருக்கிறது. மூன்றாமவர்தான் மோசமான இடத்தில் இருக்கிறார், வீட்டார் "அவன் பிடிச்சது மட்டும்தான்" என்று ஆறுதலாகச் சொல்வார்கள், ஆனால் குத்துவதற்காகப் பிடித்துக்கொடுத்தாரா, விலக்குப் பிடிக்கப் போய்ப் பிடித்தாரா என்பதில் உயிரே தொங்குகிறது. பிடித்தது குத்துக்கு முன்னாலா பின்னாலா, குத்து விழுந்ததும் விட்டாரா, ஓடினாரா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினாரா என்று ஒவ்வொரு வரியாகத் தேடுங்கள். நான்காமவருக்கு, அந்த "அடிடா" இரண்டு சாட்சிகளும் சொன்னதா, முதலில் பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்ததா, இல்லை வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில்தான் முதன்முதலில் வந்ததா என்று பாருங்கள். முரண்பாடுகளுக்கு வழக்கேட்டில் வி1, வி2 என்று குறியிட்டிருப்பார்கள், அவற்றுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

இப்படிப் பிரிப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 1959இல் மகாத்துன் வழக்கில் நம்முடைய குற்றவியல் அப்பீல் நீதிமன்றம் சொன்ன விதி இன்றும் வாதங்களில் வருகிறது: ஒவ்வொரு எதிரியின் விஷயத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஒரே மாதிரியான எண்ணம் ஆளுக்கு ஆள் தனியே இருந்தால் அது பொது எண்ணம் ஆகாது, அந்த இடத்தில் நின்றது மட்டுமே பொது எண்ணத்துக்குச் சாட்சியமாகிவிடாது. அதற்கு முன்பே 1945இல் மஹ்பூப் ஷா வழக்கில், சிந்து நதியில் கோரை வெட்டப் போய் வந்த தகராறு அது, அன்றைக்கு இலண்டனில் இருந்த கடைசி அப்பீல் நீதிமன்றமான பிரிவி கவுன்சில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்கியிருந்தது. ஆனால் இதே பிரிவி கவுன்சில் 1925இல், கல்கத்தாவில் தபால் நிலையத்துக்குள் போஸ்ட்மாஸ்டரைச் சுட்ட வழக்கில், நான் முற்றத்தில் நின்றேன் என்ற பரேந்திர குமார் கோஷின் அப்பீலைத் தள்ளிவிட்டது, காத்து நிற்பதும் ஒரு வேலைதான் என்று. அதனால் "சும்மா நின்டவன்" என்பது தனியே பதிலாகாது, எதற்காக நின்றார் என்பதற்கு வழக்கேட்டில் ஏதாவது இருக்க வேண்டும். பொது எண்ணம் முன்கூட்டியே கூடிப் பேசித்தான் வரவேண்டும் என்றும் இல்லை, அந்த இடத்திலேயே ஒரு நொடியில் உண்டாகலாம். அரச தரப்பு அதைத்தான் சொல்லும். எதிர்ப்பக்கம் என்ன சொல்லப்போகிறது என்பதையும் கொப்பியில் எழுதிவையுங்கள், கசப்பாக இருந்தாலும்.

அடுத்தது நம்முடைய ஆட்களுக்கே உரிய சிக்கல், மொழி. கொழும்பு மேல் நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்வார், சிங்களத்தில் பதிவாகும், மேலே வாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். வடக்கு கிழக்கில் பதிவு தமிழில் இருக்கும், ஆனால் கொழும்புக்கு வரும்போது அதுவும் ஆங்கிலமாக வேண்டும். சாட்சி "வந்து அடிச்சாங்க" என்று சொல்லியிருப்பார். யார்? தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நமக்குப் பழக்கம், போதாததற்கு மரியாதைக்காக ஒரு ஆளையே "அவங்க" என்போம். மூன்று மொழி தாண்டி வரும்போது அந்த ஒரு "அடிச்சாங்க" எல்லா எதிரிகளும் சேர்ந்து அடித்ததாக உட்கார்ந்துவிடும். ஆகவே "அவர்கள்", "எல்லோரும்", "எதிரிகள்" என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் மஞ்சள் கோடு போடுங்கள். பிறகு குறுக்கு விசாரணையில் "எல்லாரும் என்றால் யார் யார்?" என்று அன்றைய லோயர் கேட்டாரா, சாட்சி என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். கேட்டுப் பெயர் சொல்ல முடியாமல் போயிருந்தால் அது தங்கம். மொழிபெயர்ப்புப் பிழை என்று இப்போது வெறுமனே முறையிட்டால் எடுபடாது, பக்கத்தைக் காட்டினால் நீதிபதி வாசிப்பார்.

காயங்களையும் எண்ணுங்கள். எட்டுப் பேர் பொல்லு, கம்பியோடு சூழ்ந்து அடித்தார்கள் என்று சாட்சி சொல்ல, பிரேத பரிசோதனை அறிக்கையில் ஒரு குத்துக் காயமும் ஒரு சிராய்ப்பும் மட்டும் இருந்தால் அந்தச் சாட்சியின் எட்டுப் பேரில் எத்தனை பேர் நிஜம் என்ற கேள்வி தானாக எழும். வெளிச்சம் எப்படி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பார்த்தார், முன்பே தெரிந்தவரா, எத்தனை நாள் கழித்துப் பொலிஸுக்குச் சொன்னார் என்பவற்றை விசாரணை லோயர்கள் ஓரளவு கேட்டிருப்பார்கள், நீங்கள் பக்க இலக்கம் மட்டும் எடுத்தால் போதும்.

தீர்ப்பையே இன்னொரு சாட்சி மாதிரி வாசியுங்கள். காரணங்களை எழுத வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 283ஆம் பிரிவு சொல்கிறது. 40 பக்கத் தீர்ப்பில் உங்கள் ஆளைப் பற்றித் தனியாக எத்தனை வரி இருக்கிறது? "எதிரிகள் அனைவரும்" என்று ஒரே மூச்சில் முடித்திருந்தால் அதுவே ஒரு அப்பீல் காரணம். எதிரிக் கூண்டிலிருந்து கொடுத்த வாக்குமூலத்தை நீதிபதி எப்படி எடுத்தார் என்றும் பாருங்கள். சத்தியம் செய்யாதது, குறுக்கு விசாரணைக்கு உட்படாதது என்ற குறைகளோடுதான், ஆனாலும் அது சாட்சியம். அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினாலே எதிரிக்குப் போதும் என்பது 1968இன் குலரத்ன வழக்கு. ஒரு எதிரியின் கூண்டு வாக்குமூலத்தை இன்னொரு எதிரிக்கு எதிராகப் பாவிக்கவும் கூடாது. சாட்சிகளை நேரில் பார்த்த நீதிபதி வேறு, தீர்ப்பு எழுதியவர் வேறு என்றால் அதையும் குறியுங்கள், நீண்டு போகிற வழக்குகளில் நீதிபதி மாறுவது சாதாரணம், சட்டப்படி அது பிழையில்லை, ஆனால் "சாட்சியின் தோரணை நம்பத் தகுந்தது" என்று பார்க்காதவர் எழுதியிருந்தால் அது லேசான வரியாகிவிடும்.

விசாரணை ஜூரியோடா, நீதிபதி தனியாகவா என்று எதிரியிடம் கேட்கப்பட்டதா என்பதும் ஒரு நல்ல இடம், அதே நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 195ஆம் பிரிவு அப்படிக் கேட்கச் சொல்கிறது, கேட்டதாகப் பதிவில்லாமல் தீர்ப்பு உடைந்த வழக்குகள் உண்டு. ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த வழியில் வென்றால் கிடைப்பது பெரும்பாலும் மறுவிசாரணை. திரும்ப முதலிலிருந்து, திரும்ப அதே சாட்சிகள், திரும்ப லோயர் காசு. உள்ளே பத்து வருடம் இருந்தவருக்கு அது வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் லோயரிடம் சொல்ல வேண்டும். மேலும் எல்லாப் பிழைக்கும் தீர்ப்பு உடையாது, அந்தப் பிழையால் நியாயம் கெட்டதா என்றுதான் அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையே கேட்கிறது.

லோயர் விஷயத்தில் ஒரு சங்கடமான பேச்சு. நான்கு வீட்டாரும் சேர்ந்து காசு போட்டு ஒரே லோயரை வைப்பார்கள், ஊர் ஒற்றுமை, செலவும் குறைவு. ஆனால் நான்காமவரின் சிறந்த வாதம் "முதலாமவர் தன்பாட்டில் கத்தியை எடுத்தார், எங்களுக்குத் தெரியாது" என்பது. அதே வாயால் அதே லோயர் முதலாமவர் குத்தவில்லை என்று எப்படிச் சொல்வார்? நாகரிகமாகப் பிரிந்துகொள்ளுங்கள், கல்யாணத்துக்கு ஒன்றாகப் போகலாம், கூண்டுக்கு வேண்டாம். யார் சட்டத்தரணியாக வந்தாலும் காசு கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், மனுவின் பிரதியில் உங்கள் ஆளின் பெயரும் எதிரி இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துமூல சமர்ப்பணம் போவதற்கு ஒரு வாரம் முன்னாலாவது அந்தக் கொப்பியை அவர் மேசையில் வையுங்கள். லோயருக்கு எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை, பக்க இலக்கம் இருந்தால் வாசிப்பார்.

வாத நாள் வரும்போது பெரிய நாடகத்தை எதிர்பார்க்காதீர்கள். சாட்சி யாரும் வரமாட்டார். பெரும்பாலும் இரண்டு நீதிபதிகள், உங்கள் சட்டத்தரணி, சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து ஒருவர், எல்லோர் கையிலும் ஒரே பிரீஃப், பக்க இலக்கங்களாகவே பேச்சுப் போகும். உங்கள் ஆளை இப்போதெல்லாம் சிறையிலிருந்து ஸூமில் இணைப்பது வழக்கம், திரையில் சின்னதாகத் தெரிவார், கை காட்டிப் பேச நினைக்காதீர்கள். சிலவேளை வாதத்தின் நடுவிலேயே அரச தரப்பு, இந்த எதிரிக்குக் கொலை நிற்காது, குறைந்த குற்றம் போதும் என்று ஒத்துக்கொள்வதும் நடக்கும். உங்கள் லோயர் அதைப் பற்றி வெளியே வந்து கேட்டால் அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

முடிவு எத்தனையோ விதமாக வரலாம்: விடுதலை, மறுவிசாரணை, காயப் பிரிவுக்கு மாற்றம், தீர்ப்பு அப்படியே உறுதி. அல்லது கொலையாகாத குற்றமுறையான மனிதக்கொலை, அதற்கு 297ஆம் பிரிவில் எண்ணத்தோடு செய்திருந்தால் 20 வருடம் வரை, எண்ணமில்லாமல், மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டும் என்றால் 10 வருடம் வரை. தண்டனை குறைந்தால் இன்னொரு வரியை உங்கள் லோயர் கட்டாயம் கேட்க வேண்டும், புதிய தண்டனை மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து கணக்காகட்டும் என்று. அந்த வரி இருந்தால் உள்ளே கழிந்த வருடங்கள் கழியும். தீர்ப்பு வாசிக்கும்போது அழுகையில் யாரும் கவனிக்க மாட்டீர்கள், அதனால் ஒருவர் மட்டும் பேனையோடு உட்காருங்கள்.

தோற்றால் உயர் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் அங்கே விசேட அனுமதி வாங்கித்தான் உள்ளே போகலாம், அதற்குத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் அதன் இணையதளத்தில் ஏறும், அத்தாட்சிப் பிரதி வரும்வரை அதை இறக்கி வாசிக்கத் தொடங்கலாம். கலண்டரில் 42ஆம் நாளுக்கு ஒரு வட்டம், இரண்டு வாரம் முன்னால் இன்னொன்று.